விட்டுப்போன இணைக்கொம்பு

ஊர் வரலாற்றுச் சங்கம்
பழைய தந்தி அறை, அஞ்சலகத்தின் பின்புறம்
பிப்ரவரி 4

பெயிண்டர் அவர்களுக்கு,

ஐயா,

பொருள்: தெருப் பெயர்ப் பலகை ஒன்றைப் பற்றிய சாட்சியம்.

நம் ஊரின் இருபத்துமூன்று தெருக்களுக்கும் நகராட்சி வரும் ஏப்ரலில் கல்லில் பெயர் பொறித்து நட இருக்கிறது. எந்தப் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று மார்ச் முப்பதுக்குள் எழுதிக் கொடுக்கும் பொறுப்பு எங்கள் சங்கத்தின் தலையில் விழுந்திருக்கிறது. இரும்புப் பலகையில் தப்பு வந்தால் மேலே ஒரு பூச்சுப் பூசிவிடலாம். கல்லில் விழுந்த தப்பு நம்மையெல்லாம் தாண்டி நிற்கும்.

இருபத்திரண்டு தெருக்களில் சிக்கல் இல்லை. சிக்கல், நீங்கள் நாற்பத்தொரு வருஷத்துக்கு முன் எழுதிய பலகையில். அதில் 'அரவத் தெரு' என்று இருக்கிறது. அரவம் என்றால் பாம்பு. எங்கள் தலைவி (ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, உங்களுக்குத் தெரியும்) அந்தப் பாம்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அச்சுக்குத் தயாராக வைத்திருக்கிறார். தெருமுனை சலூன்காரர், தன் கொள்ளுத்தாத்தா அதை நேரில் பார்த்ததாகச் சொல்கிறார். அவர் சொல்லச் சொல்ல அது முழம் முழமாக வளர்கிறது. ஆனால் அந்தத் தெருவில் பிறந்து, பிறகு அதே தெருவுக்குத் தபால் கொண்டுபோனவன் நான். அங்கே இருந்தவை மூன்று மாவு மில்கள். அது அரவைத் தெரு. 'வ'வுக்கு முன்னால் வர வேண்டிய இணைக்கொம்பு பலகையில் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு பெயர் எங்கள் புத்தகத்தில் ஏற ஒரு காகிதச் சான்று வேண்டும், அல்லது உயிரோடு இருக்கும் இருவர் சாட்சி சொல்ல வேண்டும். இது சங்கத்தின் விதி. நகராட்சிப் பதிவேட்டை உங்கள் பலகையைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள், அது உதவாது. பழைய குடும்பங்கள் மில் மூடியபோதே போய்விட்டன. சாட்சி சொல்ல நான் ஒருவன். இன்னொருவர் நீங்கள்.

உங்களுக்குக் கொடுத்த சீட்டில் என்ன இருந்தது, பலகையில் என்ன எழுதினீர்கள் என்று இரண்டே வரி போதும். தபால்தலை ஒட்டிய உறை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்

பி.கு.: மகள் சௌக்கியமா? உன் கண் எப்படி இருக்கிறது?


பிப்ரவரி 12

செயலாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சங்கத்தின் முத்திரை இடப்பக்கம் சாய்ந்து விழுந்திருக்கிறது. குத்துகிறவர் கொஞ்சம் நேராக உட்கார்ந்து குத்தினால் நல்லது.

முப்பது வருஷத்துக்கு மேல் 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டவர் 'ஐயா' என்று எழுதியிருப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மகளிடம் காட்டினேன். சிரித்தாள்.

சாட்சி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. 'எழுத்தறியாத ஒரு பெயிண்டர்' சொல்வதைச் சங்கம் எப்படி ஏற்கும்? இந்த வார்த்தை என்னுடையது அல்ல. ஆறு வருஷத்துக்கு முன் சங்கக் கூட்டத்தில் 'நம் ஊர்ப் பலகைகளில் பிழைகள்' என்று ஒரு கட்டுரை எழுதி, நீங்களே எழுந்து நின்று வாசித்தீர்களே, அதில் இருப்பது. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் தங்கை போய் நான்கு மாதம்கூட ஆகவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த மருந்துக்கடைக்காரர் மட்டும் என்னைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பாம்பு என்றால் பாம்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும். பாவம், இத்தனை வருஷமாக வளர்ந்துவிட்டது.

உங்கள் உறையைத் திருப்பி அனுப்ப நினைத்தேன். அதற்கு இன்னொரு உறை வேண்டியிருந்தது. அதனால் இதையே அதில் வைத்து அனுப்புகிறேன்.

பெயிண்டர்

பி.கு.: மகள் சௌக்கியம். கண்ணைப் பற்றி அலுவலகக் கடிதத்தில் கேட்க வேண்டாம்.


பிப்ரவரி 18

மாப்பிள்ளை,

முத்திரை குத்தாத காகிதத்தில் எழுதுகிறேன். சாய்ந்திருக்கிறது என்று சொல்ல வழி இல்லை.

அந்தக் கூட்டத்துக்காகவா ஊரை விட்டுப் போனாய்? சத்தியமாக எனக்குத் தெரியாது. அவள் இல்லாத வீட்டில் உன்னால் இருக்க முடியவில்லை என்றுதான் ஊரெல்லாம் சொன்னேன். நான் நம்பியதும் அதைத்தான். கட்டுரையில் எழுதியது கேலி. நாம் பேசாத கேலியா? வழக்கம்போல நீ எழுந்து, 'போஸ்ட்மேன் மட்டும் என்னவாம், கிழக்குத் தெருத் தபாலை மேற்குத் தெருவில் போட்ட ஆள்தானே' என்று திருப்பிக் கொடுப்பாய் என்று காத்திருந்தேன். நீ எழுந்தாய். வாசல் பக்கம் நடந்தாய். வெற்றிலை துப்பப் போகிறாய் என்று நினைத்துக்கொண்டு ஐந்தாம் பக்கத்தை வாசித்தேன்.

எனக்கும் சொல்ல இருக்கிறது. ஆறு வருஷம், மாப்பிள்ளை. ஒரு அஞ்சலட்டை போட்டாயா? முப்பத்தாறு வருஷம் ஊருக்கெல்லாம் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தவன், எனக்கு ஒன்றும் வரவில்லை என்று தெரிந்தும் பழைய ஞாபகத்தில் தினமும் வாசலைப் பார்க்கிறேன். போகிறபோது அவளுடைய பொருளையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாய். கண்ணாடிக் கூடு, தையல் பெட்டி, அந்தப் பச்சைக் குடை. கூடப் பிறந்தவன் ஒருவன் இருக்கிறானே, அவனுக்கு ஒரு கைக்குட்டையாவது வைப்போம் என்று உனக்குத் தோன்றவில்லை.

சங்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறேன். உடைந்த தந்தி இயந்திரம் ஒரு பக்கம், மூடிய சினிமாக் கொட்டகையின் டிக்கெட் பெட்டி ஒரு பக்கம். ஜன்னல் வழியாக மருந்துக்கடைப் பலகை தெரிகிறது. நீ எழுதியது. பள்ளிக்கூடம், பல் டாக்டர், பஸ் நிலையத்தில் 'இங்கே துப்பாதீர்', இந்த ஊரில் முக்கால்வாசி உன் கையெழுத்துத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் மூன்று பேரும் நடப்போமே. நீ ஒவ்வொரு பலகையின் முன்னாலும் நின்றுவிடுவாய். அவள் குடையால் உன் முதுகைத் தள்ளுவாள். 'எழுதினதப் போய் யாராவது திரும்பித் திரும்பிப் படிப்பாங்களா?' அந்தக் குரல் இப்போதும் காதில் இருக்கிறது.

அந்த நாளுக்கெல்லாம் காரணம் நான்தான், மறந்துவிடாதே. என் சைக்கிளில் பெயர் எழுத வந்த உன்னை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனவன் நான். இந்தச் சம்பந்தத்தை முடித்தவன் நான். அந்த உரிமையில் கேட்கிறேன். இரண்டு வரி எழுது.

உன் மச்சான்


பிப்ரவரி 26

மச்சான்,

இரண்டு வரி கேட்டாய். இரண்டு வரியில் அடங்காது போலிருக்கிறது.

கட்டுரைக்காக மட்டும் யாராவது ஊரை விட்டுப் போவார்களா? உன் கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒன்று சொல்கிறாயே, அதற்காகவும்தான். 'இந்தச் சம்பந்தத்தை முடித்தவன் நான்.' கல்யாணத்தில் சொன்னாய். மகள் பிறந்தபோது சொன்னாய். என் கடைத் திறப்பில், என் அறுபதாவது பிறந்த நாளில், அவளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த அன்று வாசலில் நின்றவர்களிடம்கூடச் சொன்னாய். அதோடு இன்னொன்றையும் சேர்த்தே சொல்வாய். 'நான் கேட்டேன், அவ தரையப் பாத்துக்கிட்டே, உன் இஷ்டம் அண்ணான்னு சொல்லிட்டா. அப்படி ஒரு தங்கச்சி.'

நீ பெருமையாகச் சொன்னாய். நான் முப்பத்தைந்து வருஷம் அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன்.

உன் இஷ்டம். அவள் இஷ்டம் என்ன என்று யாரும் கேட்கவில்லை, நானும் சேர்த்து. பள்ளிப் படிப்பு முடித்தவள். அக்கம்பக்கத்தில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் அவளிடம்தான் வருவார்கள். நான் ஐந்தாம் வகுப்பு. எழுத்தின் உருவம் எனக்குத் தெரியும், படித்துப் புரிந்துகொள்ள நேரம் ஆகும். செய்தித்தாளை அவள் பத்து நிமிஷத்தில் முடிப்பாள், நான் ஒரு மணிநேரம் வைத்திருப்பேன். ஒரு நாளும் அதைக் காட்டிக்கொண்டது இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம். நல்லவள், அண்ணன் சொன்னதற்காக வந்துவிட்டு, வந்த இடத்தில் நல்லபடியாக இருந்துவிட்டுப் போய்விட்டாளோ?

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் கேட்டுவிடுவோம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். 'என்னக் கட்டிக்கிட்டதுல...' என்று ஆரம்பித்தேன். அவள், 'அந்த ஜன்னலச் சாத்துங்க, காத்து அடிக்குது' என்றாள். சாத்தினேன். திரும்பி வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

'எழுத்தறியாத பெயிண்டர்' என்று நீ வாசித்தபோது எனக்கு உன் மேல் முதலில் கோபம் வரவில்லை. அவளும் மனசுக்குள் இப்படித்தான் வைத்திருந்திருப்பாள், அண்ணனிடம் சொல்லியிருப்பாள், அதுதான் இவன் வாயில் வருகிறது என்று தோன்றியது. அதற்கப்புறம் அந்த ஊரில் எந்தப் பலகையைப் பார்த்தாலும் எனக்கு வெட்கமாக இருந்தது.

கைக்குட்டை வைக்காதது தப்புத்தான். எனக்கே எதுவும் போதவில்லை அப்போது.

பெயிண்டர்


மார்ச் 3

மாப்பிள்ளை,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து மூன்று காகிதத்தைக் கிழித்தேன். விஷயம் ஒன்றுதான். நான் செய்தது தப்பு. அவள் உன்னைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை குறைத்துப் பேசியது இல்லை. அந்தச் சொல் என்னுடையது, கூட்டத்தைச் சிரிக்க வைக்க வேண்டும் என்ற என்னுடைய அற்ப ஆசை. என்னை மன்னித்துவிடு.

'உன் இஷ்டம்' என்று அவள் சொன்னது நிஜம். அதற்கு மேல் அவள் மனசில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியாது. பொய்யாக ஏதாவது எழுதி உன்னைத் தேற்றலாம். நம் சங்கத்து வேலை அப்படிப் பழக்கவில்லை.

ஆனால் ஒன்றைப் பார்த்தேன், அதைச் சொல்கிறேன். நேற்று சலூன்காரரின் நாற்காலியைக் கடன் வாங்கி, அதன் மேல் ஏறி நின்று, அந்தப் பலகையை அங்குலக் கோலால் அளந்தேன். (சலூன்காரர், 'தபாலு, பாம்பு கொத்திடப் போகுது' என்று கத்தினார்.) 'அர' வரைக்கும் உன் வழக்கமான எழுத்து. நூல் பிடித்தமாதிரி. அதற்கப்புறம் 'வத் தெரு' ஒவ்வொன்றும் தள்ளித் தள்ளி நிற்கிறது, மிச்ச இடத்தை எப்படியாவது நிரப்பு என்று யாரோ சொன்னதுபோல. இடைவெளி தவறிய உன் பலகை இந்த ஊரில் வேறு எதுவும் கிடையாது. நான் எல்லாவற்றையும் பார்த்தவன்.

அந்த 'த்' மட்டும் நடுவில் இல்லாமல் இருந்திருந்தால் பிழை என்று அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கொம்பை எடுத்த பிறகும் வார்த்தை அழகாக நிற்கிறது. அதுதான் வினை.

எழுத்துத் தெரியாதவன் செய்த தப்பு இது இல்லை. நடுவில் என்னமோ நடந்திருக்கிறது. செயலாளராகக் கேட்கவில்லை. அன்றைக்கு என்ன ஆயிற்று?

மச்சான்


மார்ச் 10

மச்சான்,

யாரிடமும் சொல்லாதது. எழுதி வைத்துக் கிழித்து, இப்போது மறுபடி எழுதுகிறேன்.

அன்றைக்கு நகராட்சி மேஸ்திரி கொடுத்த சீட்டில் 'அரவைத் தெரு' என்று சரியாகத்தான் இருந்தது. பலகையைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோகலாம் என்று பார்த்தால் ஆணியெல்லாம் துருப்பிடித்துச் சுவரோடு ஒட்டியிருந்தது. அங்கேயே ஏறி எழுத வேண்டியதுதான். என்னிடம் ஏணி இல்லை. பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு ஏணி சாத்தியிருந்தது. யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

சுண்ணக்கட்டியால் முழுப் பெயரையும் கோடு இழுத்து அளந்து வைத்தேன். 'அ' முடித்தேன். 'ர' முடித்தேன். தூரிகையை நனைத்துக் கொம்புக்குக் கையைத் தூக்குகிறேன், கீழே இருந்து ஒரு குரல்.

'அது எங்க ஏணி.'

குனிந்து பார்த்தேன். உன் தங்கை. இடுப்பில் கை.

'எழுதிட்டுத் தந்துடறேங்க.'

'மழை வருது. மாடியில துணி கிடக்கு. படிக்கட்டு இடிச்சுப் போட்டிருக்காங்க. இப்பவே வேணும்.'

இறங்கினேன். ஏணியை அவளே தூக்கிக்கொண்டு போனாள். நான் தூக்கித் தருகிறேன் என்றதற்கு, 'கேக்காம எடுக்கத் தெரியுதுல்ல, இப்ப நில்லுங்க' என்றாள். மில் வாசல் கூரைக்குக் கீழே நின்றேன். அரை மணிநேரம் தூறல். மாவு மணமும் மழை மணமும் சேர்ந்து வந்தது. அவள் மாடியில் துணி எடுப்பது தெரிந்தது. ஒவ்வொரு துணியாக எடுத்து, உதறி, மடித்து. மழையில் யாராவது மடிப்பார்களா?

மழை விட்டது, ஏணி வந்தது. சாத்திவிட்டு அங்கேயே நின்றாள். ஏறினேன். சுண்ணக்கோடெல்லாம் கழுவிப் போயிருந்தது. பலகையைத் துடைத்தேன். கொம்பை எழுதிவிட்டுத்தான் இறங்கினேன் என்று கை நினைத்துக்கொண்டது. 'வ'விலிருந்து ஆரம்பித்தேன். கீழே நிற்கிறாள் என்ற ஒரே நினைப்பில் எழுதினேன். முடித்தபோது மிச்சம் இருந்த இடத்தைப் பார்த்து, அளவு தப்பிவிட்டது என்று நினைத்தேனே தவிர, எழுத்து தப்பியது என்று தெரியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து மேஸ்திரி, 'அந்தப் பலகை சரியில்லையாம், போய்ப் பாரு' என்றார். போனேன். அவள் வாசலில் இருந்தாள். 'பலகையில ஒரு கொம்பக் காணோம். உங்க தலையில முளைச்சிருக்கான்னு தொட்டுப் பாருங்க' என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. டப்பாவைத் திறந்தேன். 'அம்மாக்குப் பெயிண்ட் வாசம் ஆகாது, தலைவலி. இன்னொரு நாள் வாங்க' என்றாள். துடைத்துவிட்டு வந்தேன்.

அந்த மேஸ்திரிக்கு என் மேல் என்ன ஆத்திரமோ, மறுபடியும் அனுப்பினார். சாய்ந்திருக்கிறதாம். மட்டம் வைத்துப் பார்த்தேன், சாயவே இல்லை. வெயில் ஏறிவிட்டது, இன்னொரு நாள் எழுதலாம் என்று அவளே அனுப்பிவிட்டாள். மூன்றாவது முறை துருவாம். ஒவ்வொரு முறையும் அவள் வந்து ஏணியைக் காட்டிவிட்டு ஏதாவது பேசுவாள். ஒவ்வொரு முறையும் கொம்பை எழுதாமல் திரும்பினேன். கடைசி முறை தலைவலியும் இல்லை, வெயிலும் இல்லை. நான்தான் எழுதவில்லை. எழுதிவிட்டால் அந்தத் தெருவில் எனக்கு என்ன வேலை?

அவள் என்னோடு சிரித்துப் பேசினாள் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பால்காரரிடமும் அப்படித்தான் பேசினாள், கிண்டல் அவள் சுபாவம். அப்புறம் நீ வந்து சைக்கிளில் பெயர் எழுதச் சொன்னாய், வீட்டுக்கு அழைத்துப் போனாய், 'உன் இஷ்டம்' என்று அவள் சொன்னாள் என்றாய். எனக்குக் கிடைத்துவிட்டது. அவளுக்குக் கிடைத்ததா என்பதுதான் தெரியாது.

இதைக் கூட்டத்தில் வாசிக்காதே. அவள் சங்கத்துப் பொருள் இல்லை.

பெயிண்டர்


மார்ச் 14

மாப்பிள்ளை,

எங்கள் வீட்டு ஏணி! அந்தப் படிக்கட்டை இடித்துப் போட்டது எங்கள் அப்பா, அதைக் கட்டி முடிக்க எட்டு மாதம் ஆனது. நான் அந்த நேரமெல்லாம் ஊர் முழுக்கக் கடிதம் கொடுத்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன். என் வாசலில் நடந்தது எனக்குத் தெரியவில்லை. ஊர் வரலாறு எழுதக் கிளம்பிவிட்டேன்!

ஒருவரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் உன்னைச் சாட்சியாக எழுதிக்கொள்ளவும் முடியாது. 'ஏன் விட்டுப்போயிற்று' என்று தலைவி கேட்பார், அவரைத் தெரியாதா உனக்கு? அதனால் காகிதம் ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறேன். நகராட்சி பழைய மனுக் கட்டுகளைப் பழைய காகிதக்காரருக்குப் போட இருந்தது. போன வருஷம் சங்கத்தில் கொண்டுவந்து இறக்கினோம். பதினெட்டு மூட்டை. இன்னும் பிரிக்கவில்லை.

கேட்டால் சிரிப்பாய், இதைப் படித்த பிறகு எனக்கே அந்தப் பலகையைத் திருத்த மனசு வரவில்லை. ஆனால் பொய்யைக் கல்லில் எழுதிக் கொடுத்துவிட்டு அதே நாற்காலியில் எப்படி உட்காருவது?

மச்சான்


மார்ச் 17
(அஞ்சலட்டை)

மச்சான், பாம்பை விட்டுவிடு. மூட்டையைப் பிரித்துத் தூசியில் இருமிக்கொண்டு கிடக்காதே. அந்தக் கொம்பு இல்லாத இடம் ஒன்றுதான் நானும் அவளும் எங்களுக்கென்று வைத்துக்கொண்டது. அதை நிரப்பிவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும்? சலூன்காரரும் சந்தோஷமாக இருக்கட்டும். பெயிண்டர்.


மார்ச் 23

மாப்பிள்ளை,

உட்கார்ந்துகொண்டு படி. மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

பதினோராவது மூட்டையில் கிடைத்தது. தெருவிளக்கு, குழாய், நாய்த் தொல்லை என்று கட்டுக் கட்டாக மனுக்கள். நடுவில் ஒரு தாளை மட்டும் உருவி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். புள்ளியை மூடாத சின்ன வட்டமாகப் போடுவாளே, அந்தக் கையெழுத்து. அடியில் கதவு எண், எங்கள் வீடு. அப்படியே எழுதுகிறேன்:

'ஐயா, எங்கள் அரவைத் தெருவில் புதிதாக எழுதிய பலகையில் இணைக்கொம்பு ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதனால் தெருவுக்கு வருகிறவர்கள் பாம்பு என்று பயப்படுகிறார்கள். திருத்தித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். எழுதிய பெயிண்டரையே அனுப்பவும்.'

ஓரத்தில் மேஸ்திரி சிவப்புப் பென்சிலால்: 'அனுப்பப்பட்டது.'

சங்கத்துக்கு இது போதும். காகிதச் சான்று. நான் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து, மறுபடி கட்டைப் பிரித்தேன். மூன்று வாரம் கழித்து இன்னொன்று:

'ஐயா, பெயிண்டர் வந்தார். பலகையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது அது சாய்ந்திருப்பதுபோல் தெரிகிறது. அதே பெயிண்டர் வந்து பார்த்தால் நல்லது.'

அதற்கு அடுத்த மாதம் மூன்றாவது:

'ஐயா, பலகையின் ஓரத்தில் துரு தெரிகிறது. வேறு ஆளை அனுப்ப வேண்டாம். ஏணி எங்கே இருக்கிறது என்று அதே பெயிண்டருக்குத்தான் தெரியும்.'

இதன் ஓரத்தில் மேஸ்திரி என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? 'மூன்றாம் முறையாக அனுப்பப்பட்டது. இவருக்கு அந்தத் தெருவிலேயே ஒரு வீடு பார்த்துக் கொடுத்துவிடலாம்.' அந்த மனிதருக்கா உன் மேல் ஆத்திரம்!

மாப்பிள்ளை, ஒரு பெண் மூன்று மனு போட்டு நகராட்சி மூலமாக உன்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நாம் இரண்டு பேரும் 'உன் இஷ்டம்' என்ற இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாற்பது வருஷம் ஆளுக்கொரு பக்கம் இழுத்திருக்கிறோம். இன்னொன்றும் இப்போது ஞாபகம் வருகிறது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் சைக்கிளில் பெயர் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள்தான் தினமும், 'எல்லா போஸ்ட்மேன் சைக்கிளும் ஒரே மாதிரி இருக்கு, பேர் எழுதி வச்சுக்கோ அண்ணா, அந்தப் பெயிண்டர் நல்லா எழுதறாராம்' என்று உயிரை வாங்கினாள். சம்பந்தத்தை முடித்தவன் நான்தானாம்! நான் வெறும் தபால்காரன். எங்கே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னாளோ அங்கே கொடுத்திருக்கிறேன்.

நேற்றுச் சங்கக் கூட்டம். முதல் மனுவை மட்டும் வைத்தேன். மற்ற இரண்டும் என் சட்டைப் பைக்குள். தலைவி படித்துப் பார்த்துவிட்டுத் தன் பாம்பின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார், கண்ணில் தண்ணீர் வராத குறை. சலூன்காரர் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு நான் எழுந்து நின்று, என் பழைய கட்டுரையில் நான்காம் பக்கம் ஏழாம் வரியில் 'எழுத்தறியாத' என்று இருப்பது பிழை, அது எழுதியவனின் அறியாமையால் நேர்ந்தது என்று வாசித்து, கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் மேசையைத் தட்டினார்.

ஆனால் நகராட்சிக்குப் போகும் தாளில் அந்த ஒரு வரியை இன்னும் எழுதாமல் வைத்திருக்கிறேன். கொம்பு இல்லாத அந்த இடம் உங்கள் இருவருடையது என்று சொன்னாய். முப்பதாம் தேதி வரைக்கும் நேரம் இருக்கிறது. நீ சொல்வதை எழுதுகிறேன். மனுக்களின் அசலை அனுப்பட்டுமா?

உன் மச்சான்


மார்ச் 26

மச்சான்,

மகள்தான் வாசித்தாள். இரண்டாவது மனுவோடு நிறுத்தி, கடிதத்தை மேசையில் வைத்துவிட்டாள். அப்புறம் நானே எடுத்து, எழுத்து எழுத்தாகப் படித்தேன். எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும். இந்த முறை வேண்டுமென்றே இன்னும் மெதுவாகப் படித்தேன்.

'அதே பெயிண்டர்.' 'அதே பெயிண்டர்.' இத்தனை வருஷம் நான் கேட்காமல் விட்டதற்கு, நான் கேட்பதற்கு முன்னாலேயே எழுதி அனுப்பியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது, மச்சான், சிரிப்பும் வந்தது. பலகை சாய்ந்திருக்கிறதாம்!

அசலை அனுப்பாதே. தபாலில் உன் ஆட்களை நம்ப மாட்டேன். நானே வந்து பார்க்கிறேன். சனிக்கிழமை காலை பஸ். மகள் கூட வருகிறாள். தையல் பெட்டி உனக்கு, எடுத்து வைத்துவிட்டேன்.

அந்தத் தாளில் 'அரவைத் தெரு' என்று எழுது. கல் செதுக்குகிறவரிடம் சொல்லி, அந்த ஒரு கொம்புக்கு மட்டும் கறுப்பு தீட்டாமல் வைக்கச் சொல், நான் வந்து தீட்டுகிறேன். ஒரு கண் மங்கிவிட்டது, மற்றது போதும் அதற்கு.

அவள் என்னிடம் முதன்முதலில் கேட்ட வேலை அது. மூன்று முறை ஆள் அனுப்பியும் நான் செய்து கொடுக்கவில்லை.

மாப்பிள்ளை